முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன்

வரிசைப் பட்டியல் போடுகிறவர்கள் கடைசி இடத்தில் தொடங்கி, படிக்கிறவரைக் காக்க வைத்து, முதலிடத்தைக் கடைசியில்தான் எடுத்து நீட்டுவார்கள். நுவார் என்கிற இருட்டான பழைய குற்றப் படங்களைப் பற்றி அப்படி எழுதினால் சரியாக வராது. செத்தது யார், கொன்றது யார், அகப்பட்டானா இல்லையா என்பதை முதல் ஐந்து நிமிடத்திலேயே போட்டு உடைத்துவிட்டு, அப்புறம் ஆற அமரக் கதை சொல்கிற படங்கள் அந்த வகையில் நிறைய. அதனால் நானும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் பட்டியலில் முதலிடம் 'டபுள் இன்டெம்னிட்டி'க்கு. வருடம் 1944, இயக்கம் பில்லி வைல்டர். இருபது வருடமாக அதை அங்கிருந்து எந்தப் படமும் அசைக்கவில்லை. கீழே வரும் மற்றப் படங்களின் முடிவுகளையும் உடைத்துத்தான் பேசப் போகிறேன். பார்க்காதவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அந்தப் படத்தை நான் முதன்முதலில் பார்த்தது அப்பாவோடு. அப்பா முப்பது வருடம் எல்.ஐ.சி ஏஜென்டாக இருந்தவர். முதலில் சைக்கிள், அப்புறம் டிவிஎஸ் ஃபிஃப்டி, முன்னால் தொங்கும் ரெக்சின் பை. ஆங்கிலப் படம் என்றால் எழுந்து போய்விடுவார். அன்று தலைப்பு திரையில் வந்ததும் நின்றார். "டபுள் இன்டெம்னிட்டியா? நம்ம டபுள் ஆக்சிடென்ட் பெனிஃபிட்தானே அது?" என்று கேட்டுக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

விபத்தில் செத்தால் பாலிசித் தொகை இரட்டிப்பு. அவ்வளவுதான் தலைப்புக்கு அர்த்தம். லாஸ் ஏஞ்சலஸில் வால்டர் நெஃப் என்ற இன்சூரன்ஸ்காரன், கார் பாலிசியைப் புதுப்பிக்க ஒரு வீட்டுக்குப் போகிறான். வீட்டுக்காரர் இல்லை, மனைவி ஃபிலிஸ் மாடிப்படியில் நிற்கிறாள். கணவருக்குத் தெரியாமல் அவர் பேரில் விபத்து பாலிசி எடுக்க முடியுமா என்று அவள் கேட்கும்போதே நெஃபுக்கு விஷயம் புரிந்துவிடுகிறது. கோபித்துக்கொண்டு வெளியே போகிறான். ஆனால் மனம் அங்கேயே நின்றுவிடுகிறது.

கையெழுத்து வாங்கும் காட்சியில் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். கார் பாலிசிக்கு ஒரு கையெழுத்து. இரண்டாவது பிரதி என்று சொல்லி நீட்டும் தாளில் இன்னொன்று. அந்த இரண்டாவது தாள்தான் ஐம்பதாயிரம் டாலர் விபத்து பாலிசி. ரயிலில் விபத்தென்றால் ஒரு லட்சம். சாட்சிக்கு மூத்த தாரத்து மகளை வேறு பக்கத்தில் உட்கார வைத்திருப்பார்கள்.

"படிச்சுப் பாக்காமலே போடறான் பாரு" என்றார் அப்பா. "எல்லாரும் இப்படித்தான் போடுவாங்க. முப்பது வருஷத்துல ஃபாரத்தை முழுசாப் படிச்சவங்க ரெண்டே பேரு. ஒருத்தர் வக்கீல். இன்னொருத்தர் படிச்சு முடிச்சிட்டு பாலிசியே வேணாம்னுட்டார்."

படத்தில் அவருக்குப் பிடித்துப்போனது ஹீரோவும் இல்லை, ஃபிலிஸாக வரும் பார்பரா ஸ்டான்விக்கின் பொன்னிறப் பொய்முடியும் இல்லை. கிளெய்ம்களை ஆராயும் அதிகாரி கீஸ். எட்வர்ட் ஜி. ராபின்சன் நடித்தது. கீஸின் வயிற்றுக்குள் ஒரு சின்ன ஆள் குடியிருக்கிறான். பொய்க் கிளெய்ம் வந்தால் அவன் குடலை முடிச்சுப் போடுவான், கீஸுக்குச் சாப்பாடு இறங்காது. நெஃபும் ஃபிலிஸும் கணவரைக் கொன்றுவிட்டு, ரயிலிலிருந்து விழுந்து செத்ததாக ஜோடித்துவிடுகிறார்கள். இது தற்கொலை என்று கம்பெனி முதலாளி வாதிடும்போது கீஸ் பொரிந்து தள்ளும் இடம் ஒன்று உண்டு. தற்கொலைகளை நிறவாரியாக, தொழில்வாரியாக, பருவகாலவாரியாக, பொழுதுவாரியாகக் கணக்கெடுத்திருக்கிறார்கள்; விஷத்திலேயே எத்தனை வகை, குதிப்பதில் எத்தனை வகை; ஆனால் ஓடும் ரயிலின் கடைசிப் பெட்டியிலிருந்து குதித்துச் செத்தவன் என்று ஒருத்தன்கூட அந்தக் கணக்கில் கிடையாது; அதுவும் மணிக்கு 15 மைல் வேகத்தில் ஊர்ந்த ரயிலிலிருந்து! அப்பா கை தட்டினார். எங்கள் வீட்டில் அவர் ஒரு படத்துக்குக் கை தட்டி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இந்தக் கதைக்கு அடியில் நிஜச் சம்பவம் ஒன்று இருக்கிறது. 1927-இல் நியூயார்க்கில் ரூத் ஸ்னைடர் என்ற பெண், கணவனுக்குத் தெரியாமல் அவன் பேரில் இரட்டை இழப்பீட்டு பாலிசி எடுத்து, காதலனோடு சேர்ந்து அவனைக் கொன்றாள். அடுத்த ஜனவரியில் மின்சார நாற்காலி. அப்போது அதே நகரத்தில் பத்திரிகையாளராக இருந்த ஜேம்ஸ் எம். கெயின் அதிலிருந்துதான் தன் குறுநாவலைப் பிடித்தார். தணிக்கை விதிகளுக்குப் பயந்து பல வருடம் யாரும் தொடவில்லை. கடைசியில் வைல்டர் எடுத்தார். திரைக்கதைக்குத் துணையாக வந்தவர் துப்பறியும் நாவலாசிரியர் ரேமண்ட் சாண்ட்லர். இருவருக்கும் ஒருவரை ஒருவர் பிடிக்காது. பிடிக்காத இரண்டு பேரை ஒரே அறையில் அடைத்து வைத்ததால்தானோ என்னவோ, வசனம் ஒவ்வொன்றும் கத்தி மாதிரி இருக்கிறது. ஏழு ஆஸ்கர் பரிந்துரைகள். கையில் வந்தது ஒன்றுமில்லை.

சுருட்டுக்கும் தீக்குச்சிக்கும் வருகிறேன். கீஸிடம் எப்போதும் சுருட்டு இருக்கும், நெருப்பு இருக்காது. நெஃப் கட்டைவிரல் நகத்தால் தீக்குச்சியை உரசிப் பற்ற வைத்துக் கொடுப்பான். படம் முழுக்க இது நடக்கிறது. கடைசியில் குண்டு பாய்ந்து வாசற்படியில் சரிந்து கிடக்கும் நெஃப் நடுங்கும் கையால் சிகரெட்டை எடுக்கிறான். இந்தத் தடவை உரசுவது கீஸ். வைல்டர் இதற்கப்புறம் விஷவாயு அறையில் மரண தண்டனை நிறைவேறும் காட்சியையும் செலவழித்து எடுத்து வைத்திருந்தார். தீக்குச்சிக்குப் பிறகு அது எதற்கு என்று வெட்டி எறிந்துவிட்டார். முதலிடம் கொடுக்க எனக்கு அந்த ஒரு வெட்டே போதும்.

சரி, பட்டியலின் விதி என்ன என்று சொல்லவில்லையே. யுத்தம் முடிந்து 1946-இல் பாரிஸ் தியேட்டர்களுக்கு நாலைந்து வருடத்து அமெரிக்கப் படங்கள் மொத்தமாக வந்து இறங்கியபோது, ஏன் எல்லாம் இப்படி இருட்டாக இருக்கின்றன என்று நினோ ஃப்ராங்க் என்ற பிரெஞ்சு விமர்சகர் கவனித்து 'ஃபிலிம் நுவார்' என்று எழுதினார். கறுப்புப் படம். எடுத்தவர்களுக்கு அந்தப் பெயர் தெரியாது. குற்றப் படம், மர்மப் படம் என்றுதான் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எது நுவார், எது இல்லை என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. எனக்கு ஒரே அளவுகோல்தான்: வாக்குமூலம். கதை சொல்கிறவன் சட்டையில் கறை இருக்க வேண்டும். நெஃப் நள்ளிரவில் ஆபீசுக்கு வந்து, குரலைப் பதிவு செய்யும் டிக்டஃபோனின் குழாயைப் பிடித்துக்கொண்டு, பணத்துக்காகவும் ஒரு பெண்ணுக்காகவும் கொன்றேன், பணமும் கிடைக்கவில்லை பெண்ணும் கிடைக்கவில்லை என்று சொல்கிறானே, அந்தக் குரல்.

இந்த விதியால் பெரிய தலைகள் சில உருண்டுவிடும். 'த மால்டீஸ் ஃபால்கன்' இல்லை. 'த பிக் ஸ்லீப்' இல்லை. இரண்டையும் இருபது வயதில் தலையில் வைத்துக் கொண்டாடியவன்தான் நான். இரண்டிலும் துப்பறிகிறவனாக வரும் ஹம்ப்ரி போகார்ட் மாதிரி தொப்பி வைக்க ஆசைப்பட்டதும் உண்டு. ஆனால் அந்தத் துப்பறிகிறவன் சாக்கடையில் இறங்கிவிட்டுச் செருப்பைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறான். நாற்பது தாண்டியதும் அவன்மேல் லேசாக எரிச்சல் வருகிறது. 'டச் ஆஃப் ஈவில்' தொடக்கத்தில் மூன்று நிமிடத்துக்கு மேல் வெட்டே இல்லாமல் காமிரா தெருத்தெருவாக மிதந்து போகும் ஷாட்டுக்காக அந்தப் படத்தைச் சேர்க்கலாமா என்று யோசித்தேன். ஷாட்டுக்காகப் படத்தைச் சேர்த்தால் நாளைக்குப் பாட்டுக்காகவும் சேர்க்க வேண்டிவரும்.

இரண்டாவது, 'அவுட் ஆஃப் த பாஸ்ட்'. 1947, ஜாக் டூர்னர். கலிபோர்னியாவில் ஒரு சிற்றூரில் பெட்ரோல் பங்க் நடத்தும் ஜெஃபைத் தேடிப் பழைய வாழ்க்கை காரில் வந்து இறங்குகிறது. ஆன் என்ற தன் காதலியை வண்டியில் ஏற்றிக்கொண்டு, இரவெல்லாம் ஓட்டிக்கொண்டே தன் கதையைச் சொல்கிறான். ஒரு சூதாட்டக்காரன், அவனைச் சுட்டுவிட்டு நாற்பதாயிரம் டாலரோடு ஓடிப்போன கேத்தி, அவளைப் பிடித்துவர அகபுல்கோ போன ஜெஃப். பணத்தை நான் எடுக்கவே இல்லை, நம்புகிறாயா என்று கடற்கரையில் அவள் கேட்கிறாள். எனக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை என்கிறான். ராபர்ட் மிட்சம் அதைச் சொல்லும்போது கண்ணிமை பாதிதான் திறந்திருக்கும். எடுத்திருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியும், தெரிந்தே சொல்கிறான். நிக்கோலஸ் முசுராகாவின் ஒளிப்பதிவில் முகத்தைவிட நிழலுக்குத்தான் வேலை அதிகம். மலைக்குடிலில் இரண்டு ஆண்கள் அடித்துக்கொள்ளும்போது, அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் கேத்தியின் முகத்தில் அவர்களின் நிழல் ஏறி இறங்கும். அவள் முகத்தில் பயம் இல்லை. எப்போது சுடலாம் என்ற கணக்குதான் இருக்கிறது.

முடிவில் வாய் பேசாத, காது கேட்காத பையனிடம் ஆன் கேட்கிறாள்: ஜெஃப் கேத்தியோடுதான் போய்விடப் பார்த்தானா? பையன் யோசித்துவிட்டு ஆமென்று தலையாட்டுகிறான். பொய். அந்தப் பொய்யால் ஆன் விடுதலையாகி வேறு வாழ்க்கைக்குப் போகலாம். படம் முழுக்க வாய் கிழியப் பேசுகிறவர்கள் நடுவில், பேச்சே வராத ஒருவன் தலையசைப்பில் சொல்லும் பொய்தான் நல்லது செய்கிறது. இதை எழுதும்போதே இதற்குத்தான் முதலிடமோ என்று சபலம் தட்டுகிறது. இல்லை, தீக்குச்சிதான்.

மூன்றாவது 'சன்செட் புலவார்ட்', 1950. மறுபடியும் வைல்டர். இதில் வாக்குமூலம் கொடுப்பவன் நீச்சல் குளத்தில் குப்புற மிதக்கும் பிணம். முதலில் எடுத்த தொடக்கம் சவக்கிடங்கில். பிணங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். முன்னோட்டக் காட்சியில் ஜனங்கள் சிரித்துவிட்டார்கள், தூக்கிவிட்டார். குளத்தின் அடியிலிருந்து பிணத்தின் முகத்தைப் பார்க்கும் ஷாட்டுக்குக் குளத்தடியில் கண்ணாடி வைத்து, அதில் தெரிந்த பிம்பத்தை மேலிருந்து எடுத்தார்கள். மௌனப் படக் காலத்து நட்சத்திரமாக வரும் குளோரியா ஸ்வான்சன் நிஜத்திலும் மௌனப் பட நட்சத்திரம். அவளுடைய வேலைக்காரனாக வரும் எரிக் வான் ஸ்ட்ரோஹைம் நிஜத்தில் அவரை இயக்கியவர். அப்படி அவர் இயக்கிப் பாதியில் நின்றுபோன 'குயின் கெல்லி' படத்தின் துண்டைத்தான் வீட்டுத் திரையில் ஓட்டிப் பார்க்கிறார்கள். கேலி செய்யப்படும் ஆட்களே வந்து தங்களைக் கேலி செய்துகொள்ளச் சம்மதித்தது எப்படி என்று எனக்கு இன்னும் ஆச்சரியம்.

இந்தப் படம் ஓடிக்கொண்டிருந்தபோது அப்பா சொன்னார்: "இதெல்லாம் நம்ம பாலசந்தர் அப்பவே எடுத்துட்டாரே." வீணை எஸ். பாலசந்தரைச் சொன்னார். 1954-இல் வந்த 'அந்த நாள்'. 1943 அக்டோபரில் ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்ட மறுநாள் காலையில், வானொலி இன்ஜினியர் ராஜன் சுடப்பட்டுக் கிடக்கிறார். சிவாஜி கணேசனை முதல் காட்சியிலேயே சாகடிக்க ஏவி.எம்மில் ஒத்துக்கொண்டார்கள் என்பதே பெரிய சங்கதி. அதற்கு மேல் பாட்டு ஒன்றுகூட இல்லை. வருடக் கணக்கில் 'சன்செட் புலவார்ட்'தான் முந்தியது என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் காதில் வாங்கவில்லை. ஆனால் ஒன்று கவனித்தேன். அங்கே செத்தவனே பேசுகிறான். இங்கே செத்தவனைப் பற்றி அண்டை வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, ஆடல்காரி என்று ஊரே பேசுகிறது. அவன் தரப்பைச் சொல்ல அவனுக்கு வாயில்லை. இதை அமெரிக்கப் படங்களோடு வரிசையில் நிறுத்தி மார்க் போட மனம் வரவில்லை. தனியாக எழுத வேண்டிய படம்.

நான்காவது இடத்தில் என் விதியை நானே மீறுகிறேன். 'இன் எ லோன்லி பிளேஸ்', 1950, நிக்கோலஸ் ரே. இதில் பின்னணிக் குரல் இல்லை, வாக்குமூலம் இல்லை, கொலையை ஹீரோ செய்யவும் இல்லை. திரைக்கதை எழுத்தாளன் டிக்ஸாக போகார்ட். ஒரு பெண் கொலையான இரவில் அவன் வீட்டிலிருந்துதான் அவள் கிளம்பிப் போயிருக்கிறாள். எதிர் வீட்டு லாரல், அவன் வீட்டில்தான் இருந்தான் என்று சாட்சி சொல்கிறாள், காதலிக்கிறாள், அப்புறம் அவன் கோபத்தை ஒவ்வொரு நாளாகப் பார்த்துப் பார்த்துச் சந்தேகப்படத் தொடங்குகிறாள். டாரதி ஹியூஸின் மூல நாவலில் அவன் நிஜமாகவே கொலைகாரன். திரைக்கதையிலும் கடைசியில் லாரலைக் கொல்வதாகத்தான் இருந்தது. ரே அதை மாற்றினார். அவன் குற்றவாளி இல்லை என்று போலீசிலிருந்து ஃபோன் வருகிறது. நேற்று வந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். அன்றைக்கு அவன் கைகள் அவள் கழுத்தில் இருந்துவிட்டன. கொலை செய்யாதவன், ஆனால் செய்யக்கூடியவன். லாரலாக நடித்த குளோரியா கிரஹாம் அப்போது ரேயின் மனைவி. அந்தக் கல்யாணம் முறிந்துகொண்டிருந்த நாட்களில் எடுத்த படம். வாக்குமூலம் இருக்கிறது, கொடுப்பவர்தான் காமிராவுக்குப் பின்னால் இருக்கிறார் என்று வைத்துக்கொண்டு விதியைக் காப்பாற்றிக்கொள்கிறேன்.

ஐந்தாவது, 'த தேர்ட் மேன்'. 1949, கரோல் ரீட். பிரிட்டிஷ் படம், வியன்னாவில் நடப்பது. இதைப் பற்றி ஊரே எழுதிவிட்டது. நான் இரண்டே விஷயம். தொடக்கத்தில் வியன்னாவைப் பற்றிப் பேசும் குரல், பிரிட்டிஷ் பிரதியில் இயக்குநர் ரீடுடையது. அமெரிக்கப் பிரதியில் அதை மாற்றிக் கதாநாயகனாக நடித்த ஜோசஃப் காட்டனைப் பேச வைத்தார்கள். ரீடின் குரல், கள்ளச் சந்தையில் நாலு காசு பார்த்த ஒருவன் சொல்வது மாதிரி இருக்கும். காட்டன் பேசினால் நல்லவன் சொல்லும் கதையாகிவிடுகிறது. முடிந்தால் ரீட் பிரதியைத் தேடிப் பாருங்கள். இரண்டாவது, கல்லறைச் சாலைக் கடைசி ஷாட். அன்னா தூரத்திலிருந்து நடந்து வந்து, காத்து நிற்பவனைத் திரும்பியும் பார்க்காமல் கடந்து போகிறாள். எழுதிய கிரஹாம் கிரீன் சந்தோஷ முடிவுதான் வேண்டும் என்று வாதாடினார். படம் பார்த்த பிறகு ரீட் சொன்னதே சரி என்று எழுத்திலேயே ஒத்துக்கொண்டார். எழுத்தாளர்கள் இப்படி ஒத்துக்கொள்வது அபூர்வம்.

ஆறாவது 'த கில்லிங்', 1956. குப்ரிக்கின் குதிரைப் பந்தயக் கொள்ளை. நிமிடக் கணக்கில் போட்ட திட்டம், மலிவான ஒரு பெட்டி, ஒரு கிழவியின் குட்டி நாய். விமான நிலையத்தில் நோட்டுகள் காற்றில் பறப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் ஸ்டெர்லிங் ஹேடனின் முகத்துக்காக இந்த இடம். வேறு காரணம் சொல்லத் தோன்றவில்லை.

ஏழாவது, 'டீடூர்'. 1945. எழுபது நிமிடம்கூட ஓடாது. எடுத்தவர் எட்கர் உல்மர். வைல்டர் எழுதிய 1930-ஆம் வருடத்து ஜெர்மன் மௌனப் படம் ஒன்றை இயக்கியவர்களில் ஒருவர். இருவரும் ஹாலிவுட் போய்ச் சேர்ந்தார்கள். ஒருவருக்குப் பாரமவுண்ட் கிடைத்தது, இன்னொருவருக்கு சல்லிக்காசுக் கம்பெனியான பி.ஆர்.சி. நியூயார்க் தெரு போடக் காசில்லை. புகைமூட்டம் போட்டுத் தெருவிளக்கு ஒன்றைக் காட்டிவிட்டார். நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் போகிறவன் திரையில் வலமிருந்து இடமாகப் போக வேண்டும் என்பதற்காக ஃபிலிமைத் திருப்பிப் போட்டதில், அமெரிக்கக் கார்கள் நம்மூர் மாதிரி இடது பக்கம் ஓடுகின்றன! நான் முதலில் பார்த்தது கீறலும் கரகரப்புமான பிரதி. 2018-இல் சீர்செய்த பிரதி வந்தபோது வேறு படம் பார்த்த மாதிரி இருந்தது.

பியானோ வாசிக்கும் ஆல், காதலியைப் பார்க்க லிஃப்ட் கேட்டுக் கேட்டு மேற்கே போகிறான். அரிசோனாவில் ஏற்றிக்கொண்ட ஹாஸ்கெல் என்பவன் வழியில் செத்துப்போகிறான். மழை பெய்ததால் வண்டியின் கூரையை மூட நிறுத்தினேன், கதவைத் திறந்தேன், அவன் சரிந்து கல்லில் தலை மோதினான் என்கிறான் ஆல். போலீஸ் நம்பாது என்று பயந்து, அவன் சட்டை, பணம், கார் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகிறான். அப்புறம் அவனே லிஃப்ட் கொடுக்கும் வீரா, ஹாஸ்கெலைத் தெரிந்தவள். மிரட்டுகிறாள். ஒரு ராத்திரி குடித்துவிட்டுத் தொலைபேசியோடு அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்கிறாள்; இவன் வெளியிலிருந்து கம்பியை இழுக்கிறான்; அது அவள் கழுத்தில் சுற்றியிருக்கிறது. விதி என்மேல் கால் நீட்டித் தடுக்கிவிட்டது என்று புலம்புகிறான். ஆன் சாவேஜ் வீராவாக வந்து அந்தப் படத்தையே கடித்துத் துப்பிவிடுவார்.

பாவம் அதிர்ஷ்டம் கெட்டவன் என்றுதான் இத்தனை வருடமாக நினைத்திருந்தேன். அதனால்தான் ஏழாவது இடம். போன வருடம் சீர்செய்த பிரதியை அப்பாவுக்குப் போட்டேன். எழுபத்தைந்து வயதாகிவிட்டது, பாதிப் படத்தில் கண் அசந்துவிடுவார் என்று நினைத்தேன். தொலைபேசிக் கம்பி வந்த இடத்தில் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

"இதுவும் ஆக்சிடென்டா?"

"ஆமாப்பா."

"முதல்ல செத்தவனும் ஆக்சிடென்டு. அவன் பணமும் காரும் இவன் கையில. இவளும் ஆக்சிடென்டு. இவ செத்தா இவனைக் காட்டிக்குடுக்க ஆளில்லை." வயிற்றைத் தடவிக்கொண்டார். "வண்டில வேற யாராவது இருந்தாங்களா?"

"இல்லப்பா. அவன் மட்டும்தான்."

"அப்ப சொல்றது பூரா இவன் ஒருத்தன்தானே? நான் பாஸ் பண்ண மாட்டேன்டா இந்தக் கிளெய்மை."

மீதிப் படத்தைப் பார்க்காமல் எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார். நான் படத்தை அரிசோனாவுக்குத் திருப்பி வைத்து, மழையில் அந்தக் கார்க் கதவு திறக்கும் இடத்தை மட்டும் மூன்று தடவை பார்த்தேன்.